அம்பேவெலக் காற்றாடியும் நுரைச்சோலைக் கரியும்: இன்று கொஞ்சம் கோபமாகத்தான் பேசப் போகிறேன்

வணக்கம் உறவுகளே! மின்சாரத்துக்குக் காற்றாடியா, நிலக்கரியா என்பதுதான் இன்றைய பேச்சு. முதலில், குரல் தெளிவாகக் கேட்கிறதா? கேட்கும். கிரேட் வெஸ்டர்ன் வீடியோவில் காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று நீங்கள் என்னைத் திட்டித் தீர்த்தீர்கள் அல்லவா, அதற்கு மருந்து கிடைத்துவிட்டது. மைக்கின்மேல் மாட்டுகிற ரோம உறை. நுவரெலியாவில் ஒரு கடையில் இதற்கு 1,800 ரூபாய் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமானுக்கு 1,800! ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். ஹட்டனில் கைபேசிச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் இதே உறை, இதே நிறம், 950. விடுவேனா? நின்று பேசி 900-க்கு வாங்கினேன். இதோ, கமெராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். முடியெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடக்கிறது, பாருங்கள். அவ்வளவு காற்று அடிக்கிறது, அப்படியும் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. 1,800 கொடுத்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சரி, இடத்தைச் சொல்லவில்லையே. அம்பேவெல. வேலிக்கு வெளியே, பாதையோரத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் இருப்பவைதான் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள். மொத்தம் 12, ஒவ்வொன்றும் 250 கிலோவாட். இப்போது மூடுபனி இறங்குகிறது, கம்பத்தின் பாதிதான் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்... இப்போது! இறக்கை ஒன்று பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, கீழே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே போய்விட்டது பார்த்தீர்களா? ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் 'வூப்', 'வூப்' என்று ஒரு சத்தம். கீழே மாடுகள் மேய்கின்றன, ஒன்றுகூடத் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஒளிக்க மாட்டேன்.

கோபம் எதற்கு என்றால், வருகிற வழியில் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், "பிள்ளை, இதெல்லாம் படம் பிடிக்கத்தான் உதவும். நுரைச்சோலை மாதிரி இன்னொரு நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டியிருந்தால் நாட்டுக்கே கரண்ட் வந்திருக்கும்" என்றார். "இல்லை ஐயா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஆட்டோ அண்ணன் ஹாரன் அடித்துவிட்டார். பாதியில் விட்ட அந்தப் பேச்சைத்தான் இப்போது உங்களிடம் முடிக்கப் போகிறேன்.

கணக்கில் ஐயா சொன்னது சரிதான். இந்த 12-உம் சேர்ந்து 3 மெகாவாட். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900. இங்கே நிற்பதைப் போல 300 மடங்கு. ஆனால் அந்த 900-க்கான கரி எங்கிருந்து வருகிறது? இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா என்று எங்கோ தோண்டி, கப்பலில் ஏற்றி, டொலரில் காசு கட்டி இறக்குகிறோம். தோண்டிய பள்ளம் நம் கண்ணில் படுவதில்லை, அதனால் கரி சுத்தமாக வந்து இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம்.

என் நெய்வேலி வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன எங்கள் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனபோது எடுத்தது. அங்கே இருப்பது பழுப்பு நிலக்கரி. அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்பதால், அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும். சுரங்கம் ஓடுகிற வரைக்கும் இறைக்க வேண்டும். சுற்றிலும் நெல் விளைகிற ஊர்கள். 2023-இல் சுரங்க விரிவாக்கத்துக்காக, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்ணள்ளும் இயந்திரத்தை இறக்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளங்களில் மழைநீர் நிறைந்து, அதில் விழுந்து எத்தனையோ பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நம் சுவிட்சுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது, ஐயா.

புகைக்கு வருவோம். ஐ.நா. காலநிலைக் குழு 2014-இல் கொடுத்த கணக்கின்படி, வெட்டுவது, கட்டுவது, ஓட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் கரி 820 கிராம் கரியமில வாயு. தரையில் நிற்கும் காற்றாலைக்கு 11 கிராம். காற்றாடி செய்ய இரும்பு வேண்டாமா, சீமெந்து வேண்டாமா என்று கேட்பார்கள். அதையும் சேர்த்துத்தான் இந்த 11.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. நுரைச்சோலையில் கப்பல் கரைக்கு வர முடியாது. கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிறுத்திப் படகுகளில் மாற்றித்தான் கரியை இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அதைச் செய்ய முடியாது. ஆகவே ஏப்ரல் வாக்கிலேயே மலைபோலக் கரியைக் குவித்து வைத்துவிடுகிறார்கள். அதே காற்றுதான் மன்னாரில் காற்றாலைகளை முழு வேகத்தில் சுழற்றுகிறது! கரிக்கப்பலை மடக்குகிற காற்று மின்சாரம் தருகிறது. அதே மாதங்களில்தான் நம் மலையகத்து நீர்மின் தேக்கங்களான காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்புகின்றன.

இருங்கள், சாம்பலைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அந்தக் குவியலிலிருந்தும் சாம்பல் மேட்டிலிருந்தும் கிளம்புகிற தூளை இந்தப் பருவக்காற்று எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? பக்கத்துத் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும்தான். அங்கே மரக்கறி பயிர் செய்கிறவர்கள் பல வருடங்களாக முறையிடுகிறார்கள். இலையெல்லாம் கறுத்துப் போனால் அதை யார் வாங்குவார்கள்?

அப்படியானால் காற்றாலையால் தீங்கே இல்லையா? இருக்கிறது. மன்னாரில் 'தம்பபவனி' 30 காற்றாலைகளோடு, 103.5 மெகாவாட் திறனோடு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மன்னார் தீவு மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வலசை வரும் பாதை. பூநாரைகள் வந்து இறங்குகிற இடத்தில் இறக்கை சுற்றினால் பறவை அடிபடத்தான் செய்யும். பாதைக்கும் அடித்தளத்துக்கும் மண்ணைக் கொட்டி உயர்த்தியதால் மழைநீர் வடிய வழியில்லை என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். 2025-இல் புதிய காற்றாலைகள் வேண்டாமென்று தெருவில் இறங்கினார்கள். "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்று அவர்களை யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஏனென்றால் நாங்கள் மலையகத்தார். சுத்தமான மின்சாரம் என்ற பெயரில் எடுக்கப்பட்டதை நேரில் பார்த்தவர்கள். எங்கள் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-இல் வந்தது, 150 மெகாவாட். சென் கிளேயர் அருவி இப்போது அவர்கள் திறந்துவிடுகிற தண்ணீரில்தான் விழுகிறது. பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கப்பாதை தோண்டியபோது கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அதில் புகையே கிடையாது. ஆனாலும் கிணற்றில் தண்ணீர் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதை ஐயாவிடம் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். காற்றாலையின் தீங்கு பெரும்பாலும் அதை எங்கே நடுகிறோம் என்பதில் இருக்கிறது. இடத்தை மாற்றலாம், வலசைக் காலத்தில் நிறுத்தலாம், வடிகால் வெட்டலாம், ஊர் மக்களை முதலில் கேட்கலாம். கரியின் தீங்கு அதை எரிப்பதிலேயே இருக்கிறது. எங்கே கட்டினாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், எரித்துத்தான் ஆக வேண்டும். திருகோணமலைப் பக்கம், 2006-இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் ஊரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டுவதாக இருந்து, 2016-இல் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக அங்கே சூரிய மின் திட்டம் வருகிறது. அதற்கும் காணி வேண்டும்தான், ஆனால் சாம்பல் பறக்காது.

காற்று நின்றால் என்ன செய்வது என்பீர்கள். காற்று வீசும்போது காசல்ரீயில் தண்ணீரைத் தேக்கி வைத்து, நின்றதும் திறந்தால் போதும், சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும். கரி அப்படியா? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடே இருண்டதே, நினைவிருக்கிறதா? பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் வந்தது என்றார்கள். மின்சாரம் அன்றே திரும்பிவிட்டது. ஆனால் நின்றுபோன நுரைச்சோலையை உடனே ஓட்ட முடியாமல், அடுத்து வந்த நாள்களிலும் மின்வெட்டு. அந்த நாள்களில் தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள்.

மூடுபனி முழுவதும் இறங்கிவிட்டது, இனிப் படம் எடுக்க முடியாது. மன்னார், நுரைச்சோலைப் பக்கம் இருக்கிற உறவுகள், உங்கள் முற்றத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்ததாக மன்னாருக்குப் போகிறேன். தங்குவதற்குக் குறைந்த விலையில் நல்ல இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.