நாலாவது அட்டை

நேயர்களுக்கு வணக்கம். கோலிக்குண்டு ஆடியவர்களுக்குக் கோல்ஃபை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. குண்டைக் குழியில் தள்ளணும், அவ்வளவுதான். குழியின் அகலம் 4.25 அங்குலம், ஒரு காபி டம்ளரை விடக் கொஞ்சம் பெரிசு. அப்படி 18 குழி. எல்லாவற்றையும் குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிப்பார். ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பேச்சில் வெறும் அடி என்றால் மட்டையால் அடிக்கிற அடி. நீளத்தைச் சொல்லும்போது ‘அடி தூரம்’ என்று சொல்கிறேன். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலான மைதானங்களில் 72 அடி என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பார்.

இன்றைக்கு நான் பேச வந்தது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கோல்ஃப் அணிக்குப் பயிற்சியாளராக இருப்பவர்களின் வேலையைப் பற்றி. கோல்ஃப் தனி ஆள் ஆட்டமாச்சே, அதில் அணி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு கல்லூரியிலிருந்து ஐந்து பெண்கள் ஆடுவார்கள். ஆளுக்கு ஒரு மதிப்பெண் அட்டை, ஆக ஐந்து அட்டை. ஐந்தில் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு, மீதி நாலைக் கூட்டினால் அதுதான் அணியின் அன்றைய கணக்கு. ஒரு நாள் 70, 72, 74, 78, 83 என்று வருகிறது என்று வையுங்கள். 83 கழிந்துபோகும். மீதி நாலும் சேர்ந்து 294.

மறுநாள் செய்தியில் 70 அடித்த பெண்ணின் படம் வரும். வரட்டும். ஆனால் பயிற்சியாளரின் கண் அந்த 78-இல் நிற்கும். 70 அடிக்கிறவரை 68-க்குக் கொண்டுவருவது மலையைப் புரட்டுகிற காரியம். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறார். 78-ஐ 75 ஆக்குவது அப்படியில்லை. அந்த 78-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். 40 அடி தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்கு 7 அடி தூரம் முன்னாலேயே நின்று, இன்னும் இரண்டு உருட்டு ஆகியிருக்கும். அப்படி இரண்டு முறை. மரத்துக்குப் பின்னால் மாட்டிய பந்தைப் பக்கவாட்டில் வெளியே தட்டிவிடாமல், கிளைக்கு நடுவில் வீரம் காட்டி இரண்டு அடி போயிருக்கும். இதெல்லாம் திறமைக் குறைவு இல்லை. திருத்தக்கூடிய பழக்கம்.

இன்னொன்று. நாலாவது அட்டை யாருடையது என்று காலையில் யாருக்கும் தெரியாது. நேற்று முதலாவதாக வந்தவரே இன்றைக்கு நாலாவதாக வரலாம். அதனால் நல்ல பயிற்சியாளர் ஐந்து பேரையும் ‘நாளைக்கு நாலாவது நீதான்’ என்கிற நினைப்போடு தயார் செய்வார். திரும்பத் திரும்பச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இந்த வேலையின் உயிர்நாடி நாலாவது அட்டை.

அதற்கான பயிற்சி எப்படி இருக்கும்? குழியைச் சுற்றி 4 அடி தூரத்தில், கடிகார முள் போல 12 இடத்தில் பந்து வைப்பார்கள். பன்னிரண்டும் வரிசையாக விழ வேண்டும். பதினோராவது தவறினாலும் முதலிலிருந்து. அந்தப் பதினோராவது பந்தில் கை இறுகுகிறது பாருங்கள், அதுதான் போட்டியின் கடைசிக் குழியில் வருகிற இறுக்கம். இன்னொரு பயிற்சிக்கு ‘பார் 18’ என்று பெயர். குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு வெளியே ஒன்பது இடம், சில சுலபம், சில கஷ்டம். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு, ஒரு உருட்டு, மொத்தம் 18. இதில் செய்கிற தப்பு என்ன தெரியுமா? ஒரே இடத்தில் 50 பந்தைக் கொட்டி வைத்து அடிப்பது. பத்தாவது பந்துக்குள் கை அந்த இடத்தைப் படித்துவிடும், அப்புறம் எல்லாம் அருகில் போய் நிற்கும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். போட்டியில் ஒரு இடத்திலிருந்து ஒரே ஒரு பந்துதான். அதனால் ஒரு பந்து, ஒரு இடம், அடுத்த இடத்துக்கு நட.

நேரமும் கட்டுப்பாடுதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கிற என்சிஏஏ அமைப்பின் விதிப்படி போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே பயிற்சியாளர் கேட்கலாம். மீதி நேரம் படிப்புக்கு.

சரி, போட்டி நாள். பல போட்டிகளில் முதல் நாளே 36 குழி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நடை. கல்லூரிப் போட்டியில் பை தூக்க ஆள் கிடையாது. தானே சுமக்கணும், அல்லது தள்ளுவண்டி. மூன்று குழிக்கு ஒரு முறை வாழைப்பழமோ சாண்ட்விச்சோ உள்ளே போகவில்லையென்றால், முப்பதாவது குழி வாக்கில் மட்டைத் தேர்வு தப்ப ஆரம்பிக்கும். பசி வந்திட அறிவும் பறந்துபோகிற இடம் அது.

தொழில்முறை ஆட்டத்தில் பை தூக்குபவரைத் தவிர வேறு யாரிடமும் யோசனை கேட்கக்கூடாது. கல்லூரி ஆட்டத்தில் பயிற்சியாளர் சொல்லலாம். அதனால் பலர் ஒரு குட்டைக் குழியின் தொடக்கத்தில், அதாவது ஒரே அடியில் புல்தரையை எட்டவேண்டிய இடத்தில், போய் நின்றுகொள்வார்கள். முதலில் வருகிறவர் ஏழாம் எண் மட்டையால் அடிக்கிறார். கொடி அசையவில்லை, ஆனால் மரத்து உச்சி அசைகிறது, பந்து 10 கஜம் குறைவாக விழுகிறது. அடுத்த நாலு பேருக்கும் ஒரே வார்த்தை: ‘ஆறு எடு’, அதாவது இன்னும் தூரம் போகிற ஆறாம் எண் மட்டை. அவ்வளவுதான் பேச்சு. அங்கே மட்டை பிடிக்கிற விதத்தைத் திருத்தப் போனால் கெட்டது குடி.

முதல் அடிக்கு முன்னால் பையிலுள்ள மட்டைகளை எண்ணுவதும் பயிற்சியாளர் வேலைதான். 14-க்கு மேல் கூடாது. காலையில் பழகிப் பார்த்த இன்னொரு உருட்டு மட்டை பையிலேயே தங்கிவிடும். அப்படி ஆடிய குழிக்கு 2 அடி அபராதம், அதிகபட்சம் 4. அட்டையில் ஒரு குழிக்கு 5-க்குப் பதில் 4 என்று தப்பாக இருந்து, அதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆளையே நீக்கிவிடுவார்கள். அப்போது? கழித்துத் தள்ளியிருக்க வேண்டிய 83 உள்ளே வந்து உட்காரும்!

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2018, ஒக்லஹோமாவில் கார்ஸ்டன் கிரீக் மைதானம், தேசியக் கல்லூரிப் போட்டி. நாலு நாள் அட்டைக் கணக்கு முடிந்ததும் முதல் எட்டு அணிகள் நேருக்கு நேர் மோதும்; ஐந்து ஜோடியில் மூன்றை ஜெயிக்கிற அணிக்கு வெற்றி. பெண்களுக்கு இந்த முறை 2015-இல் வந்தது. அரிசோனா அணி எட்டுக்குள் வருமா வராதா என்று ஊசலாட்டம். பயிற்சியாளர் லாரா இயனெல்லோ, அதே கல்லூரியில் ஆடி 2000-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். கடைசிக் குழி, ஐந்து அடியில் முடிக்கவேண்டியது. பிலிப்பைன்ஸ்காரப் பெண் பியாங்கா பக்தங்கனன் தொலைவிலிருந்து உருட்டிய பந்து உள்ளே போய், மூன்றே அடியில் முடிந்தது. எட்டாவது இடத்துக்கு பேய்லர் அணியோடு சமன். உடனே சமன்முறிவு ஆட்டம், அதிலும் அரிசோனா தப்பியது. எட்டாவதாக ஒட்டிக்கொண்ட அணி, முதலிடத்தில் இருந்த யுசிஎல்ஏவை வீழ்த்தியது. அடுத்து ஸ்டான்ஃபோர்டு. இறுதியில் அலபாமாவோடு இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஜோடியும் 18 குழியில் தீராமல் பத்தொன்பதாவது போனது. ஹேலி மூர் சுமார் 4 அடி தூர உருட்டலைப் போட்டு முடித்தார். கவனித்தீர்களா? 4 அடி தூரம். அந்தப் பன்னிரண்டு பந்துப் பயிற்சியின் தூரம்.

பக்தங்கனன் உருட்டியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கென்னவோ, முதல் மூன்று நாளில் யாரோ ஒருவருடைய நாலாவது அட்டை இன்னும் ஒரே ஒரு அடி கூடியிருந்தால் அந்த உருட்டலுக்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஆள் தேடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்குகிறேன். கோடையில் இளையோர் போட்டிகளில், கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பவர்கள் எல்லாம் பயிற்சியாளர்கள்தான். பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும் வரை அந்தப் பெண்ணோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. நல்ல அடியைப் பார்க்க அவர்கள் வருவதில்லை, அது அட்டையிலேயே தெரியும். ஒரு குழியில் 7 ஆன பிறகு அடுத்த குழிக்கு எப்படி நடக்கிறாள், அப்பாவிடம் என்ன முகத்தைக் காட்டுகிறாள் என்று பார்க்கத்தான் அந்த வெயிலில் நிற்பது.

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1941-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிளாடிஸ் பாமர் பெண்களுக்கென்று முதல் தேசியக் கல்லூரிப் போட்டி நடத்தினார். 1972-இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம். 1982-இல் பெண்களுக்கு என்சிஏஏ பட்டப் போட்டி வந்தது, முதலில் வென்றது டல்சா. அரிசோனா ஸ்டேட் என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் லிண்டா வோல்ஸ்டெட் ஆறு பட்டம். டியூக்கில் 1984-இல் பொறுப்பேற்ற டான் புரூக்ஸ், ஏழு பட்டம். உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தால் முதல் வேலை வேன் ஓட்டுவதும், அறை பதிவு செய்வதும். தலைமைக்கு வர வருஷங்கள் ஆகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒரே ஒரு விஷயம்: முன்பு ஒரு பெண்கள் அணிக்கு ஆறு முழு உதவித்தொகை, அதைப் பிரித்தும் கொடுக்கலாம். 2025-26 பருவத்திலிருந்து, புதிய ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு ஒன்பது பேர் என்று வந்திருக்கிறது. ஒன்பதில் ஐந்தைப் பொறுக்க அணிக்குள்ளேயே தகுதிச் சுற்று வைப்பார்கள். அதில் நாலு இடத்தை அட்டைப்படி கொடுத்துவிட்டு, ஒரு இடத்தை மட்டும் பயிற்சியாளர் தன் கையில் வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த ஒரு இடத்தால் வருகிற சண்டைகளைச் சொல்ல இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.