இனிப்பு நீரும் மறதியும் ஒரே வீட்டில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நம் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் மறதி நோய் (டிமென்ஷியா) தனியாக வருவதில்லை. அது வாசலுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இனிப்பு நீர் எனும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளே வந்து, மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கத் தொடங்கியிருக்கும். 2018ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்றது. அடுத்த ஆண்டு ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. இவ்விரண்டு செய்திகளையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு மறதி நோயும் உண்டு, நீரிழிவும் உண்டு. ஒருநாள் காலை பத்து மணியளவில் அவர் நாற்காலியில் வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "யாருங்க ஐயா நீங்க?" என்றார். நோய் முற்றிவிட்டது என்றெண்ணி நான் உடைந்துபோனேன். ஏதோ தோன்றி விரலில் குத்திச் சோதித்தால், சர்க்கரை 2.6 (மில்லிமோல்/லிட்டர்), மிகவும் தாழ்வு. விழுங்கும் தெளிவு இருந்ததால், சீனி போட்டு மைலோ கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில், "தம்பி, வேலைக்குப் போகலையா?" என்று கேட்டார். வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டவர் பசியாறவே மறந்திருக்கிறார்.

மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நகர்வது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒருவர் குழம்பிப்போனால், சர்க்கரைத் தாழ்வு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், புதிய மாத்திரை என வேறு காரணம் இருக்கிறதா என்று உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் குணப்படுத்தக்கூடிய துன்பத்தையும் நாம் வளரவிடுகிறோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள்.

அம்மாவுக்கு மூன்று இடங்களில் மருத்துவம் நடந்தது. ஓரிடத்தில் கொடுத்த மருந்து மற்ற இரண்டு இடங்களுக்கும் தெரியாது. நாங்கள் கடையில் வாங்கிக் கொடுத்த சளி மாத்திரை, தூக்கத்தோடு குழப்பத்தையும் கூட்டும் வகையைச் சேர்ந்தது என்பதும் பின்னர்தான் தெரிந்தது. இப்போது எல்லா மருந்துகளும் ஒரே தாளில் இருக்கின்றன. எங்கு போனாலும் அந்தத் தாள் முதலில் மேசைக்குப் போகிறது. ஊசியும் மாத்திரையும் அம்மா கையில் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 விழுக்காடு வரை இருக்கட்டும், தாழ்ந்துவிடுவதுதான் இவருக்குப் பெரிய ஆபத்து என்று மருத்துவர் சொன்னபோது, கட்டுப்பாட்டையே பெருமையாகக் கருதிவந்த எங்களுக்கு அதை ஏற்கச் சில நாள் பிடித்தது.

இன்னொன்று, வலி. நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது. மிச்சமிருக்கும் வலியைச் சொல்லும் வார்த்தையை மறதி பறித்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வோர் இரவும் நான் அம்மாவின் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை விளக்கொளியில் பார்க்கிறேன். என் பெயர் நினைவில்லாத இரவுகளிலும் அவர் காலை நீட்டிக் கொடுக்கிறார்.