ஜன்னலும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்

வணக்கம். இன்று வேண்டுமென்றே ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கேமராவில் எச்டிஆரையும், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் வசதியையும், அணைத்துவிட்டேன். என் முகம் தெரிகிறது, பின்னால் வெறும் வெள்ளை. சரி, எக்ஸ்போஷரை, அதாவது ஒளியைச் சேர்க்கும் நேரத்தை, குறைக்கிறேன். வானம் வந்துவிட்டது, நான் கறுத்துவிட்டேன். இங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கு இரண்டுமே தெரியும். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாருக்கு என்ன கஷ்டம்?

ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அது 10,000 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய பிறகு எவ்வளவு ஒளி வந்தாலும் ஒரே வெள்ளைதான். மறுமுனையில், அதைப் படிக்கும் மின்சுற்றே 2 எலக்ட்ரான் அளவுக்கு இரைச்சல் சேர்க்கிறது என்றால், அதற்கும் மங்கலானது அதிலேயே மூழ்கிவிடும். 10,000-ஐ 2-ஆல் வகுத்தால் 5,000. மிக மங்கலானதற்கும் மிகப் பிரகாசமானதற்கும் உள்ள விகிதம் அதுதான். ஏறக்குறைய 12 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), டெசிபலில் 74. வெயிலும் அறையின் மூலையும் ஒரே ஃபிரேமில் வந்தால் இது போதாது.

பழைய வழி உங்களுக்குத் தெரிந்ததே: குறைந்த நேரம் ஒன்று, அதிக நேரம் ஒன்று என அடுத்தடுத்து எடுத்து ஒட்டுவது. அசையாத காட்சிக்கு அருமை. கையை ஆட்டினால் விரல்களுக்குப் பேய் மாதிரி ஒரு நிழல் கூடவே வரும். கார் கேமராவில் இன்னும் வம்பு. எல்இடி சிக்னல்கள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியக்கூடியவை. குறுகிய எக்ஸ்போஷர் அணைந்த கணத்தில் விழுந்தால், எரிகிற சிவப்பு விளக்கு படத்தில் அணைந்தே கிடக்கும்!

எனக்குப் பிடித்தது இரட்டைக் கெயின், அதாவது சிக்னலை இரண்டு விதமாகப் பெருக்கிப் படிப்பது. எக்ஸ்போஷர் ஒன்றுதான்; சேர்ந்த அதே எலக்ட்ரான்களை இரண்டு தடவை படிக்கிறார்கள். முதலில் சிறிய கெப்பாசிட்டரில், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகத்தில். சிறியது என்பதால் ஓர் எலக்ட்ரானுக்கே மின்னழுத்தம் நன்றாக மாறும், இருட்டுப் பகுதி சுத்தமாக வரும். அப்புறம் இன்னொரு கெப்பாசிட்டரையும் சேர்த்துப் படித்தால் பிரகாசமான பகுதியும் அளவுக்குள் அடங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்து ஒளி, அதனால் பேய் இல்லை.

ஆனால் பிக்சலின் கொள்ளளவு இதனால் கூடுவதில்லை. அதற்குத்தான் லோஃபிக்: நிரம்பி வழியும் எலக்ட்ரான்களை வீணாக்காமல் பிக்சலுக்குள்ளேயே தனிக் கெப்பாசிட்டரில் பிடித்துக்கொள்வது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதற்கு இடம் வேண்டும். சின்னப் பிக்சலில் அந்த இடத்தைத் தேடுவதுதான் பெரும்பாடு.

எச்டிஆர் படம் என்றாலே சாயம் பூசியது போல இருக்கிறது என்பவர்களுக்கு: அது சென்சாரின் தப்பில்லை, பிடித்ததைத் திரைக்குள் அமுக்கும் டோன் மேப்பிங்கின் வேலை. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். இப்போது திரைச்சீலையை இழுத்து மூடுகிறேன், கண் கூசுகிறது.