அரை லட்சம் ரூபாய்க்கு டிரைவரா? பர்ஸைத் திறக்கும் முன் இந்த ஒரு நம்பரைப் பாருங்க!

அரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய புது டிரைவரை (கார் ஓட்டுறவர் இல்லைங்க, கோல்ஃப் மட்டை) விட, வீட்டில் கிடக்கும் பழைய டிரைவர் பந்தைத் தூரமாக அனுப்பலாம். நம்ம ஊர் காற்றில் அது நடக்கும். ஸ்கிப் பண்ணாம பாருங்க.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: பையில் 14 மட்டை வரை வைக்கலாம், அதில் தலை பெரியது டிரைவர், அந்தத் தலை 460 சிசியைத் தாண்டக் கூடாது. முன்கதை முடிந்தது.

கோயம்புத்தூரில் பம்பு கடைக்குப் போய், "நல்ல மோட்டார் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் விலையே சொல்ல மாட்டார். போர் எத்தனை அடி, தண்ணி எந்த ஆழத்தில் நிக்குது, பைப்பு என்ன சைஸு, எத்தனை ஏக்கருக்குப் பாயணும் என்று எதிர்க்கேள்வி கேட்பார். இதெல்லாம் பார்க்காமல் இறக்கினால் மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. இவ்வளவு விவரமான ஆட்கள், டிரைவர் வாங்கப் போனால் மட்டும் "டிவியில அந்த புரோ அடிக்கிறதே, அதக் குடுங்க" என்கிறார்கள். அவருடைய போர் வேறு, உங்கள் போர் வேறுங்க!

உங்களுக்குப் பொருந்தும் மட்டையை அளந்து தேர்ந்தெடுப்பதற்கு ஃபிட்டிங் என்று பெயர், அதுவும் அந்த எதிர்க்கேள்விகள்தான். லாஞ்ச் மானிட்டர் என்ற கருவி, ரேடாரிலோ கேமராவிலோ உங்கள் அடியை அளக்கும். மட்டை வேகம், பந்து வேகம், பந்து கிளம்பும் கோணம், ஸ்பின் (அதாவது பந்து சுழலும் வேகம்).

இந்த ஸ்பின்தான் நான் சொன்ன நம்பர். (திரையில்: பாலக்காட்டுக் கணவாய் வரைபடம்)

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடரில் பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் நம்ம பக்கம் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கோல்ஃப் பந்தின் எடை, விதிப்படி அதிகபட்சம் 45.93 கிராம்!

பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்கும். எதிர்க்காற்றில் அந்தத் தூக்கல் இன்னும் கூடும். டிரைவரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டி இருந்தால் பந்து முன்னே போகும். 4,000 ஆனால் ராக்கெட் மாதிரி ஏறி, அங்கேயே யோசித்து, பொத்தென்று விழும். செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வலைக்குள் அடித்துப் பார்க்கும்போது காற்றே இருக்காது, அதனால் பந்து பறப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஸ்பின்னைப் பாருங்கள்.

அது ஏன் கூடுகிறது? மட்டையை மேலிருந்து கீழே இறக்கி அடித்தால் கூடும். பந்து, மட்டை முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டாலும் கூடும். மட்டை முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள். தடம் கீழே இருந்தால், பந்தைத் தாங்கும் குச்சியான டீயைக் கொஞ்சம் உயர்த்தியே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். காசு செலவே இல்லை. கடைக்காரர்கள் என்னைத் திட்டப் போகிறார்கள்.

அதற்காக ஸ்பின்னைக் குறைக்கிறேன் என்று 9 டிகிரி லாஃப்டுக்கு (மட்டை முகத்தின் சாய்வுக்கு) தாவாதீர்கள். மெதுவாக வீசுபவருக்கு அதில் பந்து எழும்பவே எழும்பாது. 10.5 அல்லது 12 பிடிப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

அப்புறம் ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு. ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருக்கிறதே, அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது! ஒரு கம்பெனியின் ஸ்டிஃப், இன்னொன்றில் ரெகுலர் மாதிரி வளையும். எழுத்தைப் பார்த்து வாங்காமல், அடித்துப் பார்த்து வாங்குங்கள். நீளம் குறைந்தால் நடுவில் படுவது எளிது, அவ்வளவுதான்.

போகும்போது பழைய டிரைவரையும் கொண்டுபோய், அதே பந்தில் இரண்டையும் அடியுங்கள். ஒரு சூப்பர் அடியைக் காட்டி பில் போட வருவார்கள். எல்லா அடிகளின் சராசரியைக் கேளுங்கள். ஃபிட்டிங் கட்டணம் உண்டா, வாங்கினால் கழிப்பார்களா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, உங்கள் டிரைவர் எத்தனை டிகிரி? கமெண்டில் போடுங்க. 8 என்று போடுபவர்கள் வீடியோ ஆதாரமும் சேர்த்து அனுப்பணும்!