தெற்கே மங்கித் தெரியும் பூதம்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, வணக்கம். சூரியனை விட்டுவிட்டால், நமக்கு மிகப் பெரிய வட்டமாகத் தோன்றும் விண்மீன் எது? திருவாதிரை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1997 இல் வெளியான அளவீடு அந்த இடத்தை ஆர் டொராடஸுக்குக் கொடுத்துவிட்டது. வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கண்டியில் ஒருவர் பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயக் குற்றி கொழும்பிலிருந்து எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தும் இதை மிஞ்ச வேறு விண்மீன் இல்லை!

தூரம் சுமார் 180 ஒளியாண்டு. குறுக்களவு சூரியனைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி அதன் வயிற்றுக்குள் போய்விடும். ஆனால் எடை என்னவோ சூரியனை ஒத்ததுதான். நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து இப்படித்தான் ஊதிப் பெருக்கும்.

சரி, இவ்வளவு பெரிய ஆள் ஏன் கண்ணில் படுவதில்லை? சூடு போதாது. அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பாக வெளியேறுகிறது. நம் கண்ணுக்கு அது எட்டாது. மிஞ்சியதிலும் ஒரு பங்கை அதன் வளிமண்டலத்தில் உள்ள டைட்டானியம் ஆக்சைடு விழுங்கிவிடுகிறது. பிரகாசமும் நிலையாக இல்லை, 4.8 இலிருந்து 6.6 வரை ஏறி இறங்கும். இந்த எண் கூடக் கூட ஒளி குறையும். 6 ஐத் தாண்டினால் நல்ல இருட்டிலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

2023 இல் சிலியின் அல்மா வானொலித் தொலைநோக்கிகள் அதன் மேற்பரப்பையே படம் பிடித்தன. உள்ளே கொதிக்கும் வாயு குமிழ் குமிழாக மேலே வருகிறது. ஒவ்வொரு குமிழும் சூரியனைவிட 75 மடங்கு பெரிது! ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவை எழுந்து அமிழ்கின்றன. விஞ்ஞானிகள் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை.

பார்க்க ஆசையா? லண்டனில் இருக்கும் உறவினருக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. நமக்குத் தெற்கே 21 பாகை உயரம் வரை ஏறுகிறது. சனவரி நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் பாருங்கள், போயாவை ஒட்டிய நாட்கள் வேண்டாம். அகத்தியர் விண்மீனைக் கண்டுபிடித்து, அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே தேடுங்கள். காலி வீதி வெளிச்சத்தில் முடியாது, கல்கிசைக் கடற்கரையிலும் சந்தேகம்தான். மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு பைனாகுலரும் விண்மீன் வரைபடமும் எடுத்துச் செல்லுங்கள்.