கணக்குப்பிள்ளைதான், ஆனா தொலைச்சது அவர் இல்லை!

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். நேரம் கொஞ்சம்தான், அதனால வணக்கமும் கொஞ்சம்தான்.

1662-ல டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஃபார்மோசாவை, அதாவது இன்னிக்கு நாம தைவான்னு சொல்ற தீவை, கோட்டைவிட்டுச்சு. அதுக்குப் பெரிதும் காரணம் கவர்னர் ஃபிரெடெரிக் கோயெட்டா, கம்பெனியா? கம்பெனிதான்னு பேச வந்திருக்கேன்.

பேசலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள எதிரணித் தலைவர் ஒரு குத்து குத்திட்டுப் போய் உட்கார்ந்திருக்கார். "கோட்டையைக் கொடுக்கும்போதுகூட சரக்குக்குப் பட்டியல் எழுதி நீட்டின கணக்குப்பிள்ளைய்யா உங்க கோயெட்!" நீங்களும் தட்டினீங்களே கை! முதல் வரிசையில ஒருத்தர் விசிலே அடிச்சார்.

அய்யா, கணக்குப்பிள்ளைதான்! யார் இல்லேன்னா? கவர்னர்னா நமக்கு மாளிகை, வாசல்ல பாரா, ராணுவ மிடுக்குன்னு தோணுது. அந்தக் கம்பெனியில கவர்னர்ங்கிறவர் வியாபாரிங்க. உதவியாளர், இளநிலை வணிகர், வணிகர், தலைமை வணிகர்னு படிப்படியா ஏறி வர்றவர். கோயெட் ஸ்டாக்ஹோம்ல பிறந்தவர். நாகசாகி துறைமுகத்து தேஷிமா தீவுல கம்பெனிக் கிடங்குக்கு ரெண்டு தடவை தலைவரா இருந்தவர். 1656-ல ஃபார்மோசா கவர்னர். அங்கே அவர் வேலை என்ன? மான்தோலையும் சர்க்கரையையும் எண்ணி, எடை போட்டு, கப்பல் ஏத்தறது. பட்டியல் எழுதத் தெரியாத ஆளை அந்தக் கம்பெனி வாசல்படி ஏத்தாது.

சரி, அந்தப் பட்டியல்ல என்ன இருக்குன்னு எதிரணித் தலைவர் படிச்சாரா? 1662 பிப்ரவரி 1, ஒப்பந்தம். கோட்டையிலிருந்த சரக்கு, பணம் எல்லாம் சேர்த்து 4,71,500 கில்டர், அதாவது டச்சு நாணயம், கோட்டையை முற்றுகை போட்டிருந்த சீனத் தளபதி கொக்சிங்காவுக்கு. பதிலுக்கு, குண்டு போட்ட துப்பாக்கி, பத்த வெச்ச திரி, பறக்கிற கொடி, முரசுச் சத்தத்தோட வெளியே வரலாம். அதிகாரிகள் 28 பேருக்கு ஆளுக்கு 200 வெள்ளி நாணயம். இன்னும் 20 பேருக்கு எல்லாருக்குமா சேர்த்து 1,000. கம்பெனியோட ஆசியத் தலைமையகமான பத்தாவியா, அதாவது இன்னிக்கு ஜகார்த்தா, போய்ச் சேர்ற வரைக்கும் அரிசி, ரொட்டி, இறைச்சி, எண்ணெய், வினிகர். பாய்மரத் துணி, கயிறு, கீல், நங்கூரம். வினிகரைக்கூட விடலைங்க மனுஷன்! ஒன்பது மாசம் முற்றுகையில கிடந்தவன் கௌரவமா வெளியே வந்துட்டு, கப்பல்ல ஏறினப்புறம் "ஐயோ, நங்கூரத்தை மறந்துட்டேனே"ன்னு திரும்பி வந்து எதிரி வீட்டுக் கதவைத் தட்டவா முடியும்? கம்பெனி ஆவணங்களையும் கையோட எடுத்துக்கிட்டார். அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளையாலதான் கோட்டைக்குள்ள மிச்சம் இருந்தவங்க உயிரோட ஊர் போனாங்க.

இப்ப கம்பெனி கதைக்கு வர்றேன். கொக்சிங்கா வரப்போறான்னு 1660-லயே கோயெட் கடிதம் போட்டார். பத்தாவியாவுல இருந்து 12 கப்பல், 600 சிப்பாய் வந்துச்சு. தளபதி வான் டெர் லான். இலங்கையில போர்ச்சுக்கீசியரோட சண்டை போட்டுப் பேர் வாங்கினவர். ஆனா ஃபார்மோசாவுல அவருக்கு வெச்ச பட்டப்பேர் என்ன தெரியுமா? 'புத்திக்கு விரோதி யான்'. அவருக்குக் கண்ணெல்லாம் போர்ச்சுக்கீசியர் கையில இருந்த மக்காவ் துறைமுகம் மேல. இங்கே ஆபத்து இல்லேன்னா அங்கே போய் அதைப் பிடிக்கலாம்னு உத்தரவு வாங்கிட்டு வந்தவர். "எங்க மேல படையெடுப்பீங்களா?"ன்னு கொக்சிங்காவையே எழுதிக் கேட்டாங்க. அவன் பதில் எழுதினான்: மேற்கே போறப்ப கிழக்கே போறேன்னு பரப்பி விடறது என் வழக்கம்னு. திருடனே வழியைச் சொல்றான்! அதைப் படிச்சுட்டும் நம்ம யான், "ஒண்ணும் இல்லை"ன்னு 1661 பிப்ரவரியில சிப்பாய்களை மட்டும் விட்டுட்டுக் கிளம்பிட்டார். பத்தாவியா போய், கோயெட் நிழலைப் பார்த்துப் பயப்படறார்னு கோள் வேற.

ஏப்ரல் 30. நிழல் வந்துச்சு. நூத்துக்கணக்கான கப்பல், ஏறத்தாழ 25,000 பேர். கோட்டைப் பீரங்கிக்குக் கீழே இருக்கிற பெரிய வாய்க்கால்ல வரலை. வடக்கே ஆழம் குறைஞ்ச இன்னொரு வழி. அதைக் காவல் காத்த சின்ன அரண் 1656 புயல்ல விழுந்துச்சு, திரும்பக் கட்டவே இல்லை. பெரிய ஓதம் ஏறுற நேரம் பார்த்து உள்ளே வந்துட்டான்.

இப்ப கேளுங்க, இதுதான் ருசியான இடம். 'மரியா'ன்னு ஒரு சின்னக் கப்பல். தென்மேற்குப் பருவக்காத்து எதிர்த்து அடிக்குது. அந்தப் பருவத்துல தெற்கே யாரும் போக மாட்டாங்க. அது கிளம்பி, சுத்து வழியா ஐம்பது நாள் போல தள்ளாடி, "போர் வந்துடுச்சு"ன்னு சொல்ல பத்தாவியாவுக்குப் போய்ச் சேருது. அங்கே ரெண்டே நாளைக்கு முன்னாடி இன்னொரு கப்பல் கிளம்பிப் போயிருக்கு. அதுல யாரு? ஹெர்மானஸ் க்ளெங்க். எதுக்கு? கோயெட்டைப் பதவியிறக்கிட்டு, அந்த நாற்காலியில உட்கார! கையில கடிதம்: நீ பயந்தாங்கொள்ளி, இல்லாத போரைச் சொல்லி எங்க காசைக் கரைச்சேன்னு.

பின்வரிசைக்குச் சரியா விழலை போல, மறுபடி சொல்றேன். போர் நடக்குதுன்னு சொல்ற கப்பல் தெற்கே வருது. போரே வராதுன்னு சொல்ற கப்பல் வடக்கே போகுது. நடுக்கடல்ல ஒண்ணையொண்ணு பார்க்கலை. பார்த்திருந்தா ஒரு கையசைப்புல முடிஞ்சிருக்கும்!

க்ளெங்க் ஜூலைக் கடைசியில வந்து சேர்றார். புது கவர்னர். புதுச் சட்டை போட்டுட்டுத்தான் நின்னிருப்பார்னு வெச்சுக்கங்க. எட்டிப் பார்க்கிறார். கோட்டை மேல ரத்தச் சிவப்புக் கொடி! வடக்கே எதிரிக் கப்பல், எண்ணி முடியலை. பதவியேற்பு விழாவுக்கு வந்தவன் பந்தல்ல எழவு நடக்கிறதைப் பார்த்த மாதிரி. என்ன பண்ணினார்? கடிதத்தை மட்டும் கரைக்கு அனுப்பினார். தான் இறங்கலை. கோயெட்டு கைக்கு, குண்டு விழுந்துக்கிட்டிருக்கும்போது, "நீ டிஸ்மிஸ்"னு கடிதம். பதவி எடுத்துக்க வந்தவரோ காத்து சரியில்லைன்னு ஜப்பான் பக்கம் பாய் விரிச்சுட்டார். அந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு மறுநாளும் கொத்தளத்துல ஏறி நின்னார் பாருங்க, அவரை நீங்க கணக்குப்பிள்ளைன்னீங்க.

ஆகஸ்ட்ல கௌ-ன்னு ஒருத்தர் பத்துக் கப்பல், 700 சிப்பாயோட வந்தார். கடைசியில அவரும் நழுவி, சயாம் வழியா வீடு போய்ச் சேர்ந்தார். டிசம்பர்ல ராடிஸ்னு ஒரு ஜெர்மன் சார்ஜென்ட் கோட்டையை விட்டு எதிரி பக்கம் ஓடினான். அவன் சொன்னது ஒரே விஷயம்: கோட்டைக்குப் பக்கத்து மேட்டைப் பிடி. மணல் திட்டுல கோட்டையைக் கட்டிட்டு அதைவிட உயரமான மேட்டைப் பக்கத்துல விட்டு வெச்ச புத்திசாலித்தனம் கோயெட் வர்றதுக்கு முன்னாடியே நடந்தது. 1662 ஜனவரி 25, அந்த மேட்டுல காவலுக்கு இருந்த சின்ன அரண் ஒரே நாள் பீரங்கி அடியில போச்சு. வாரத்துக்குள்ள பேச்சுவார்த்தை.

அப்படி வெளியே வந்த கோயெட்டை என்ன பண்ணுச்சு கம்பெனி? வருஷக்கணக்கா சிறை. மேடை ஏத்தி, மண்டியிட வெச்சு, மரண தண்டனை நிறைவேத்தறவன் கையில வாளைக் கொடுத்து, தலைக்கு மேல வீசி, வெட்டாம, பாண்டாத் தீவுகள்ல ஆய் தீவுக்கு நாடு கடத்துச்சு. 1674-ல 25,000 கில்டர் கட்டித்தான் வெளியே வந்தார்.

நடுவர் மணியைத் தொடறார், தெரியுது. ஒண்ணே ஒண்ணு. ஹாம்ப்ரூக்னு ஒரு பாதிரியார். கொக்சிங்கா கையில கைதி. சரணடையச் சொல்லி கோட்டைக்குத் தூது அனுப்பினான். மனைவியும் பிள்ளைகளும் அங்கே பிணை. கோட்டைக்குள்ள அவரோட ரெண்டு பொண்ணுங்க. வந்தவர் சரணடையாதீங்கன்னு சொன்னார். போறதா இருக்கறதான்னு முடிவை அவர்கிட்டயே விட்டார் கோயெட். திரும்பிப் போறேன்னார். ஒரு பொண்ணு மயங்கி விழுந்தா, இன்னொருத்தி கழுத்தைக் கட்டிக்கிட்டு விடலைன்னு சொல்றாங்க. அந்தக் கையை எடுத்து விட்டுட்டுப் போனார். சில மாசத்துல வெட்டினாங்க.

அடுத்துப் பேச வர்ற எதிரணி நண்பர், 1660-ல வந்த அந்த 12 கப்பல் திரும்பிப் போகாம இருந்திருந்தா அந்தப் பொண்ணுங்க அப்பா அங்கே மாட்டியிருப்பாரான்னு மட்டும் சொல்லிட்டு, அப்புறம் பட்டியலைப் பத்திப் பேசட்டும். வணக்கம்.