அங்கவடி இல்லாத குதிரைக்காரர்: தாமஸ் மன்றோ

வணக்கம் மக்களே. அண்ணா சாலையில், தீவுத்திடல் பக்கம் நிற்கிறேன். வண்டிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் தாமஸ் மன்றோ. லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்த சிலை இது, 1839-இல் இங்கே நிறுத்தினார்கள்.

கால் பக்கம் ஜூம் பண்ணுகிறேன், பாருங்கள். அங்கவடி, அதாவது குதிரையில் உட்காருகிறவர் கால் வைக்கும் வளையம், கிடையாது. சிற்பி அதை மறந்துவிட்டு அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். சும்மா புரளி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இதே சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அங்கவடி இல்லை.

சரி, ஆள் யார்? கிளாஸ்கோவில் 1761-இல் பிறந்தவர். 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர மெட்ராஸ் வந்தார். ஹைதர் அலி படையெடுத்து வந்த வருஷம் அது. போரில்தான் வளர்ந்தார். ஆனால் எனக்கு அவருடைய போர்க்களத்தைவிட அவர் போட்ட கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

1792-இல் திப்பு தோற்றதும் பாரமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே வரி வசூலிக்க சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு ராணுவத்துக்காரர்களை அனுப்பினார் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். மெட்ராஸில் இருந்த சிவில் ஆட்களுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதுதான் காரணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை, மன்றோ உதவி. ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். நிலத்தை அளப்பது, மண்ணைப் பார்ப்பது, இந்த வயலுக்கு இவ்வளவு தீர்வை, அதாவது நிலவரி, என்று எழுதுவது. இடையில் ஜமீன்தார் இல்லை. உழுகிறவர் பெயரில் பட்டா, பணம் நேராக சர்க்காருக்கு. வங்காளத்தில் 1793-இல் ஜமீன்தாரை நிரந்தரமாக்கியதற்கு நேர் எதிர். இதுதான் ரயத்துவாரி. இன்றும் தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் ஊர் நிலக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறதே, அந்த நடைமுறை இந்த நிர்வாகம் வழியாக வந்ததுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? தீர்வை அதிகம் என்பதுதான் சிக்கல். மன்றோவே 1807-இல், கால் பங்கு குறைத்தால்தான் விவசாயி பிழைப்பார் என்று எழுதினார். கம்பெனி அப்போது கேட்கவில்லை. அவரும் சாது ஒன்றும் இல்லை. 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளில் பாளையக்காரர்களை ஒடுக்கிவிட்டுத்தான் அங்கே பட்டா எழுத உட்கார்ந்தார். கலெக்டர் கையிலேயே போலீஸையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் 1816-இல் கொடுக்க வைத்ததிலும் அவர் பங்கு பெரியது.

1820-இல் மெட்ராஸ் கவர்னர். இங்கேதான் எனக்கு அவரைப் பிடிக்கவும் செய்கிறது, எரிச்சலும் வருகிறது. 1824-இல் எழுதிய குறிப்பில், இந்தியர்களைப் பெரிய பதவிகளுக்கு வெளியே நிறுத்துவது அவர்களைச் சிறுமைப்படுத்தும் என்றார். ஒருநாள் அவர்களே தங்களை ஆண்டுகொள்ளும் நிலை வர வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே மனிதர்தான், பத்திரிகைச் சுதந்திரமும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக நிற்க முடியாது, அதனால் சுதந்திரம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். நம் ஆட்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான். அந்தப் புரிதல்தான் கம்பெனிக்குக் காசாகவும் ஆனது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

1827-இல் ஊர் திரும்பும் நேரம். போவதற்கு முன், பழகிய ராயலசீமைப் பக்கம் ஒரு சுற்று போய்வர ஆசைப்பட்டார். கோடையில் காலரா பரவியிருந்தது. ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் இறந்தார். முதலில் குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள், பிறகு உடலைச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வீடியோ அங்கேதான். நீங்களும் போவதானால் அடையாள அட்டை எடுத்துப் போங்கள், வாசலில் சோதனை உண்டு.